கருப்பட்டியில் சீனி: கார்பன் ஐசோடோப்பு அளவீட்டில் ஈரம் செய்த பிழை

பனங்கருப்பட்டியில் கரும்புச் சீனியைக் கலந்துவிட்டால், வழக்கமான வேதியியல் சோதனையில் அதைப் பிடிப்பது எளிதன்று. பதநீரின் இனிப்பில் பெரும்பங்கு சுக்ரோஸ். கரும்புச் சாற்றின் இனிப்பிலும் பெரும்பங்கு அதே சுக்ரோஸ்தான். மூலக்கூறு ஒன்றே என்பதால் கரைதிறன், உருகுநிலை, சுவை எல்லாம் ஒன்றாகவே இருக்கும். ஆனால் அந்த மூலக்கூறிலுள்ள பன்னிரண்டு கார்பன் அணுக்கள் எந்த வகை இலை வழியாக வந்தன என்பதன் தடயம் அவற்றின் நிறையில் தங்கிவிடுகிறது. அந்தத் தடயத்தை அளந்து, ஒரு கட்டிக் கருப்பட்டியில் எவ்வளவு கரும்புச் சீனி இருக்கிறது என்று சொல்லும் முறையை எங்கள் ஆய்வகத்தில் நிலைநிறுத்த முயன்றபோது நான் செய்தவற்றையும், முதல் முயற்சியில் நேர்ந்த பெரும் பிழையையும், அதைச் சரிசெய்த விதத்தையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இயற்கையில் உள்ள கார்பனில் ஏறத்தாழ 1.1 விழுக்காடு நிறையெண் 13 கொண்டது. எஞ்சியது கிட்டத்தட்ட முழுவதும் 12. ஒரே தனிமத்தின், நிறையில் மட்டும் மாறுபடும் இவ்வகைகளையே ஐசோடோப்புகள் என்கிறோம். இலை காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை எடுக்கும்போது இந்த இரண்டையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. பனை, தென்னை, நெல் போன்ற சி3 தாவரங்களில் முதலில் கார்பனைப் பற்றும் ரூபிஸ்கோ என்னும் நொதி, கனமான கார்பனைக் கணிசமாக ஒதுக்குகிறது. கரும்பு, மக்காச்சோளம் போன்ற சி4 தாவரங்களில் முதற்பிடிப்பை வேறொரு நொதி செய்து, கார்பனை உள் அறைக்கு அனுப்பி, அங்கேதான் ரூபிஸ்கோவிடம் கொடுக்கிறது. மூடிய அறையில் ஒதுக்குவதற்கு இடம் குறைவு என்பதால் கனமான கார்பன் அதிகமாகத் தங்கிவிடுகிறது. கரும்பின் இந்தத் தனிவழியை ஹவாய்த் தீவில் கோர்ட்ஷாக் குழுவினர் 1965இல் வெளியிட்டனர். மறு ஆண்டிலேயே பிரிஸ்பேனில் ஹாட்ச், ஸ்லாக் இருவரும் அதன் படிகளை விளக்கினர். 1968இல் மார்கரெட் பெண்டர், மக்காச்சோளம் முதலிய புற்களின் கார்பன்-13 அளவு மற்றப் புற்களிலிருந்து தெளிவாக விலகி நிற்பதை எழுதினார். கருப்பட்டிச் சோதனைக்கான அடிப்படை முழுவதும் அந்த விலகலில் இருக்கிறது.

அளவை டெல்டா மதிப்பாகச் சொல்கிறோம். மாதிரியின் கார்பன்-13, கார்பன்-12 விகிதம் ஒரு பொது அளவுகோலிலிருந்து ஆயிரத்தில் எத்தனை பங்கு விலகியிருக்கிறது என்பதே அது. ‰ என்று குறியிடுவோம். தென் கரோலினாவின் பீடீ பாறையடுக்கில் கிடைத்த பெலம்னைட் புதைபடிவத்தின் சுண்ணாம்பு முதலில் சுழியாகக் கொள்ளப்பட்டது. அது தீர்ந்துபோன பின் அதே அளவுகோல் வேறு தரமாதிரிகள் வழியாகக் காக்கப்படுகிறது. இன்றைய காற்றின் கார்பன் டை ஆக்சைடு இந்த அளவுகோலில் ஏறத்தாழ −8.5‰. சி3 தாவரங்கள் பெரும்பாலும் −24க்கும் −30க்கும் இடையில் அமையும். சி4 தாவரங்கள் −10க்கும் −15க்கும் இடையில் அமையும். இரண்டுக்கும் நடுவிலுள்ள பள்ளம் அகலமானது. கலப்படம் செய்யப்பட்ட கருப்பட்டி அந்தப் பள்ளத்தில் எங்காவது வந்து விழ வேண்டும்.

தேனில் இதே வழி நெடுங்காலமாகக் கையாளப்படுகிறது. அமெரிக்காவில் மக்காச்சோளப் பாகு தேனில் கலக்கத் தொடங்கியபோது, ஜொனாதன் ஒயிட்டும் லாண்டிஸ் டோனரும் 1978இல் கார்பன் ஐசோடோப்பு வழியே அதைக் காட்டினர். எனக்கு முன்மாதிரி அதுதான்.

மாதிரிகளுக்காகத் தூத்துக்குடி மாவட்டத்தின் தேரிக்காட்டு ஓரத்தில் ஐந்து விடிலிகளுக்கு, அதாவது பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி செய்யும் குடிசைகளுக்கு, சென்றேன். ஒவ்வொன்றிலும் இரண்டு நாள் கொதிப்புகளிலிருந்து ஒவ்வொரு கட்டி என மொத்தம் பத்து. தூய கருப்பட்டியின் மதிப்பை ஏதோ ஒரு நூலிலிருந்து எடுத்துக்கொள்ள முடியாது. மரம் நிற்கும் மண், நீர் கிடைக்கும் அளவு, இலைத்துளை திறந்திருக்கும் நேரம் ஆகியவற்றைப் பொறுத்து சி3 மதிப்பு ஓரிரு அலகுகள் நகரும். நீர் குறைந்த இடத்தில் இலைத்துளை ஒடுங்க, உள்ளே இருக்கும் கார்பன் டை ஆக்சைடு குறைய, நொதி கனமானதை ஒதுக்குவதற்கு வாய்ப்புக் குறைந்து மதிப்பு சுழியை நோக்கி நகர்கிறது. ஆகையால் அந்த ஊர் மரத்தின், அந்தப் பருவத்தின் மதிப்பே நமக்கு வேண்டும். கட்டியுடன், கலசத்திலிருந்து இறக்கிய பதநீரையும் ஒவ்வொரு முறையும் ஒரு புட்டியில் எடுத்தேன். பதநீர் புளித்தால் சர்க்கரையின் ஒரு பங்கு கார்பன் டை ஆக்சைடாக வெளியேறி மதிப்பைக் கெடுக்கும் என்பதால், அங்கேயே ஒரு கொதி விட்டுப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

ஒரு விடிலியில் மட்டும் காலையில் பதநீர் இறங்கியது முதல் சிரட்டையில் பாகு ஊற்றி முடியும் வரை உடனிருந்தேன். மற்ற இடங்களில் பாகு ஊற்றும் வேளைக்குத்தான் போய்ச் சேர முடிந்தது. அந்த விடிலிக்காரர் அறுபது வயதைத் தாண்டியவர். நான் அண்ணாச்சி என்றே அழைத்தேன். கலசத்தின் உட்புறம் தடவிய சுண்ணாம்பைத் தொட்டுக் காட்டினார். பதநீர் அகன்ற சட்டியில் பொங்கி வந்தபோது ஆமணக்கு விதை ஒன்றை நசுக்கிப் போட்டார். நுரை உடனே அடங்கியது. பாகு பதத்துக்கு வரும் வேளையில் துடுப்பைத் தூக்கி, வடியும் நூலைப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு கை சீனி விழுந்தாலும் துடுப்பு சொல்லிரும், தம்பி" என்றார். அவர் அதைச் சொன்ன பக்குவத்தை நான் மறக்கவில்லை. பின்னால் ஆய்வகத்தில் ஓர் எண் அவருக்கு எதிராக நின்றபோது, முதலில் நினைவுக்கு வந்தது அந்தத் துடுப்புதான்.

சுண்ணாம்பு என் கவனத்தை இழுத்தது. கலசத்துச் சுண்ணாம்பில் சரியாக வேகாத கார்பனேட் கலந்திருக்கலாம். கடற்சிப்பியிலிருந்தோ சுண்ணாம்புக்கல்லிலிருந்தோ வந்த கார்பனேட்டின் டெல்டா மதிப்பு சுழிக்கு அருகில் இருக்கும். அது கருப்பட்டிக்குள் தங்கினால் மதிப்பைச் சீனியின் பக்கம் இழுக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். கால்சியம் கார்பனேட்டில் 12 விழுக்காடுதான் கார்பன். சுக்ரோஸில் 42 விழுக்காடு. கட்டியின் எடையில் 1 விழுக்காடு கார்பனேட் இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும், மொத்தக் கார்பனில் அதன் பங்கு 0.3 விழுக்காடு, மதிப்பு நகர்வது 0.1‰க்கும் குறைவு. இருந்தாலும் கணக்கோடு விடாமல், ஒரு பங்கை நீரில் கரைத்து, வடிகட்டி, கரையாததை நீக்கிய பின்னும் அளந்தேன். முழுக் கட்டிக்கும் வடித்த கரைசலுக்கும் இடையே இருந்த வேறுபாடு அளவீட்டுப் பிழைக்குள் அடங்கியது. ஆமணக்கோ சி3 தாவரம், போடுவதும் ஒரு சிட்டிகை. அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

தயாரிப்பில் நான் கற்ற முக்கியமான பாடம் மாதிரியின் சீர்மை பற்றியது. கருவிக்கு ஓர் அளவீட்டுக்கு வேண்டிய கார்பன் ஏறத்தாழ 100 மைக்ரோகிராம். சர்க்கரையாகச் சொன்னால் 0.24 மி.கி. கடைச் சீனியின் ஒரு பரல் அரை மி.மீ. அளவுள்ளதாக வைத்துக்கொண்டால் அதன் எடை ஏறக்குறைய 0.2 மி.கி. கலப்படக் கட்டியிலே கரையாமல் நின்ற ஒற்றைப் பரல் மாட்டிக்கொண்டாலே அளவீடு முழுவதும் அந்தப் பரலைப் பற்றியதாகிவிடும். எனவே கட்டியின் நடுவிலிருந்தும் ஓரத்திலிருந்தும் சுரண்டி எடுத்த 5 கிராமை வடிநீரில் முழுதாகக் கரைத்து, வடிகட்டி, அந்தக் கரைசலில் ஒரு பங்கை உறைய வைத்து வெற்றிடத்தில் உலர்த்தினேன். உலர்ந்தது வெளிர் பழுப்பு நிறப் பஞ்சு போல இருக்கும். மூடியைத் திறந்த கணத்திலிருந்து காற்றின் ஈரத்தை இழுக்கத் தொடங்கும். நுண்தராசில் டின் கேப்சூலை வைத்து மாதிரியை இட்டபோது, கடைசி இலக்கம் என் கண்முன்னே ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தது. ஈரம் கார்பனைச் சேர்ப்பதில்லை; அதனால் டெல்டா மதிப்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் எடை தவறினால் வாயுவின் அளவு மாறும். வாயுவின் அளவு மிகவும் மாறினால் கருவியின் நேர்கோட்டுத் தன்மை, அதாவது வாயு கூடினாலும் குறைந்தாலும் ஒரே விகிதத்தைக் காட்டும் தன்மை, சோதிக்கப்படும். ஆகவே விரைவாக எடைபோட்டு, இடுக்கியால் மடித்து உருட்டி, உலர்கலத்துக்குள் வைத்துவிட வேண்டும். மடிப்பில் காற்று சிக்காதபடி உருட்டுவதற்குக் கை பழக எனக்கு இரண்டு நாள் ஆனது.

கருவியின் வேலை சுருக்கமாக இது. ஆட்டோசாம்ப்ளர் கேப்சூலை 1020° செல்சியஸ் சூட்டிலுள்ள எரிகுழாய்க்குள் போடும். அந்த நேரத்தில் ஆக்சிஜன் பாய, டின் தீப்பற்றி, உள் வெப்பம் இன்னும் பல நூறு பாகை உயரும். சர்க்கரை முழுவதும் கார்பன் டை ஆக்சைடும் நீருமாகும். ஹீலியம் அவற்றைச் சுமந்து, 650° சூட்டிலுள்ள தாமிரக் குழாய் வழியாக, மிஞ்சிய ஆக்சிஜனை அங்கே விட்டுவிட்டு, நீர் பிடிக்கும் மக்னீசியம் பெர்குளோரேட் குழாயையும் கடந்து, வாயுக்களைப் பிரிக்கும் பத்தியின் வழியே மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குக் கொண்டு செல்லும். அங்கே எலக்ட்ரான் தாக்கி அயனியான வாயு, காந்தப்புலத்தில் வளைந்து, நிறை 44, 45, 46 எனப் பிரிந்து மூன்று ஃபாரடே கிண்ணங்களில் விழும். 44 என்பது சாதாரணக் கார்பன் டை ஆக்சைடு. 45இல் பெரும்பங்கு கார்பன்-13 கொண்டது. ஆக்சிஜன்-17 கொண்ட சிறு பங்கும் உண்டு. அதை 46இன் துணையால் கழித்துக்கொள்வார்கள். ஆக, நாம் நம்பியிருப்பது 45க்கும் 44க்கும் உள்ள விகிதத்தை. 45இல் அத்துமீறி வேறு எது வந்து விழுந்தாலும் கார்பன்-13 கூடியிருப்பதாகவே கருவி சொல்லும். இந்த வாக்கியத்தை நான் இந்தத் துறையின் முதல் பாடத்திலேயே படித்திருந்தேன். அதன் பொருளைப் பிறகுதான் உணர்ந்தேன்.

தரமாதிரிகளாக இரண்டைத் தேர்ந்தெடுத்தேன்: யு.எஸ்.ஜி.எஸ்-40 என்னும் குளுட்டாமிக் அமிலம், −26.389‰, ஐ.ஏ.இ.ஏ.-சி.எச்-6 என்னும் சுக்ரோஸ், −10.449‰. தூய கருப்பட்டியும் தூய கரும்புச் சீனியும் இந்த இரண்டுக்கும் இடையிலேயே வரும் என்பதால் இதைவிடப் பொருத்தமான இணை கிடைப்பது அரிது. இரண்டாவது தரமாதிரி சர்க்கரையே என்பது கூடுதல் நன்மை. மாதிரியும் தரமாதிரியும் எரிவதிலிருந்து அளக்கப்படுவது வரை ஒரே பாதையில், ஒரே விதமாக நடத்தப்பட வேண்டும் என்பது இந்தத் துறையின் முதல் விதி.

முதல் ஓட்டத்தில் நான் வைத்த வரிசையைச் சொல்கிறேன். பிழை அதில்தான் இருந்தது. முதலில் இரண்டு வெற்றுக் கேப்சூல்கள், அடுத்து தரமாதிரிகள் மும்மூன்று, பிறகு ஒன்பது விடிலிக் கட்டிகள் இவ்விரண்டு முறை, அதன் பின் கடைகளில் 'சுத்தக் கருப்பட்டி' என்று வாங்கிய எட்டு மாதிரிகள் இவ்விரண்டு முறை. நான் உடனிருந்து பார்த்த அண்ணாச்சியின் கட்டி கடைசியாக உலர்ந்து வந்ததால் அது 43ஆம், 44ஆம் இடங்களில் போனது. தரமாதிரிகளைத் தொடக்கத்தில் மட்டும் வைத்தேன். இடையிலும் இல்லை, இறுதியிலும் இல்லை. தரமாதிரி விலை உயர்ந்தது, கொஞ்சமே இருக்கிறது என்ற சிக்கனம்தான் காரணம். அந்தச் சிக்கனம் பிழையானது.

மறுநாள் காலையில் எண்களைப் பார்த்தேன். தொடக்கத்திலிருந்த விடிலிக் கட்டிகள் −25.5, −25.8 என்று ஒழுங்காக இருந்தன. போகப்போக −25.2, −25.0 என்று வந்தவற்றை இயற்கை வேறுபாடு என்று எடுத்துக்கொண்டேன். கடைசியில் அண்ணாச்சியின் கட்டி: −24.2, −24.0. கலப்புக் கணக்கு எளியது. தூயதற்கும் மாதிரிக்கும் உள்ள இடைவெளியை, தூயதற்கும் சீனிக்கும் உள்ள இடைவெளியால் வகுக்க வேண்டும். கடைச் சீனியை முன்பு அளந்தபோது −11.7 கிடைத்திருந்தது, ஆகவே மொத்த இடைவெளி ஏறத்தாழ 14 அலகுகள், ஒவ்வோர் அலகும் 7 விழுக்காடு. கணக்கின்படி அந்தக் கட்டியில் 11 விழுக்காடு கரும்புச் சீனி.

இரண்டு முறையும் ஏறத்தாழ ஒரே மதிப்பு வந்திருந்ததால், வேறு எவருடைய மாதிரியாக இருந்தாலும் நான் அதை அப்படியே அட்டவணையில் ஏற்றியிருப்பேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சட்டியின் பக்கத்தில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தவன் நான். சீனி விழவில்லை என்பது எனக்குத் தெரியும். அப்படியானால் தவறு கருவியிலோ என் கையிலோ இருக்க வேண்டும். அன்று மாலையே அதே உலர்ந்த தூளில் இன்னொரு பங்கை எடைபோட்டு, ஓட்டத்தின் முதல் இடத்தில் வைத்தேன்: −25.5. மீண்டும் நாற்பது சர்க்கரைக் கேப்சூல்களுக்குப் பின் வைத்தேன், உடன் யு.எஸ்.ஜி.எஸ்-40ஐயும் வைத்தேன். கட்டி −24.1 என்றது, −26.389 என்று வர வேண்டிய தரமாதிரி −25.0 என்றது. தூள் மாறவில்லை, வரிசையில் அது நின்ற இடம்தான் மாறியிருந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு காரணமாக நீக்கிக்கொண்டு போனேன். முதல் ஐயம் காற்றுக் கசிவு. நிறை 40ஐ, அதாவது ஆர்கானை, திரையில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் இணைப்பின் மீதும் மெல்லிய குழாயால் ஆர்கானை ஊதினேன், கோடு அசையவில்லை. அடுத்து தாமிரம் தீர்ந்துவிட்டதா என்று பார்த்தேன். தாமிரம் தீர்ந்தால் நைட்ரஸ் ஆக்சைடு தப்பி வந்து 44இலேயே விழும். ஆனால் கருப்பட்டியில் நைட்ரஜன் மிகக் குறைவு. குழாயைத் திறந்து பார்த்தபோதும் பாதிக்கு மேல் செம்மை மாறாமல் இருந்தது. எரிகுழாயில் சேர்ந்த டின் சாம்பலைச் சந்தேகித்தேன். சாம்பல் மேடு வெப்பப் பகுதியைத் தாண்டி உயர்ந்தால் எரிதல் குறையாக நடக்கும். ஆனால் அப்படி நடந்தால் வாயுச் சிகரங்களின் பரப்பும் குறைந்து வால் நீளும். என் சிகரங்கள் கடைசி வரை கூர்மையாகவே இருந்தன. வெற்றுக் கேப்சூலின் கார்பனோ மொத்தத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே; அது ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒன்றாகவே இருந்தது.

நிறை 18க்குப் போனபோது விடை கிடைத்தது. ஓட்டம் தொடங்குமுன் பதிந்த நீர்ப் பின்னணியைவிட ஓட்டத்தின் முடிவில் பல மடங்கு கூடியிருந்தது. பெர்குளோரேட் குழாயைக் கழற்றினேன். வாயு நுழையும் முனையில் வெண்மணிகள் உருகிச் சேர்ந்து, கண்ணாடிக் கட்டி போல இறுகியிருந்தன. அதன் ஓரமாக ஒரு மெல்லிய கால்வாய் விழுந்து, வாயு மணிகளைத் தொடாமலே அதன் வழியே போய்க்கொண்டிருந்தது. கால்வாயின் உட்சுவர் ஈரமாக மின்னியது. வெளி முனையில் இருந்த மணிகள் இன்னும் பொலபொலவென்று இருந்ததால், வெளியிலிருந்து பார்த்தவர் குழாய் நன்றாக இருப்பதாகவே நினைப்பார். நானும் ஓட்டத்துக்கு முன் அப்படித்தான் நினைத்தேன்.

சர்க்கரை எரிந்தால் எவ்வளவு நீர் வரும் என்பதை நான் முன்னரே கணக்கிட்டிருக்க வேண்டும். ஒரு மூலக்கூறு சுக்ரோஸ் பதினொரு மூலக்கூறு நீரைத் தருகிறது; எடையில் 58 விழுக்காடு. 0.24 மி.கி. மாதிரி 0.14 மி.கி. நீர் தரும், ஓர் ஓட்டத்துக்கு ஏறக்குறைய 6 மி.கி. தன்னளவில் இது பெரிய சுமை அன்று. ஆனால் அந்தக் குழாய் அதற்கு முன் பல வாரங்கள் இலைத்தூள்களின் நீரைத் தாங்கியிருந்தது. தப்பி வந்த நீர், பிரிக்கும் பத்தியில் கார்பன் டை ஆக்சைடைப் போல விரைந்து கடக்காமல், பிந்தி, மேடாகப் பரவி, அடுத்தடுத்த மாதிரிகளின் மேல் வந்து விழுந்தது. அயனி மூலத்துக்குள் நீர் இருந்தால், அதன் ஹைட்ரஜன் ஒன்று கார்பன் டை ஆக்சைடு அயனியோடு சேர்ந்துகொள்கிறது. சாதாரண 44 நிறை அயனி ஒரு ஹைட்ரஜனைச் சுமந்தால் அதன் நிறை 45. அது கார்பன்-13 அன்று. ஆனால் கிண்ணத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது. குறிப்பு வாயு (ஒப்பிடுவதற்காகக் கருவிக்குள் நேராக விடும் கார்பன் டை ஆக்சைடு) வந்த நேரத்திலும் மாதிரி வாயு வந்த நேரத்திலும் ஈரம் ஒரே அளவில் இருந்திருந்தால் பிழை இரண்டிலும் சமமாகி நீங்கியிருக்கும். மேடு மேடாக வந்த நீர் அதற்கு இடம் தரவில்லை. ஆகவே ஈரம் கூடக்கூட எல்லா மதிப்புகளும் சுழியின் பக்கம் நகர்ந்தன. கருப்பட்டிச் சோதனையில் அந்தத் திசைதான் கலப்படத்தின் திசை. ஈரமான கருவி, பனையேறிக்கு எதிராக மட்டுமே பொய் சொல்லும். ஒருபோதும் அவருக்குச் சார்பாகச் சொல்லாது. இது என்னை மிகவும் உலுக்கியது.

புதுக் குழாய் நிரப்பும்போது சில விவரங்களில் கவனமாக இருந்தேன். பெர்குளோரேட் வலிமையான ஆக்சிஜனேற்றி; பருத்திப் பஞ்சு, எண்ணெய், காகிதம் போன்ற கரிமப் பொருள் எதுவும் அதைத் தொடக் கூடாது. இரு முனையிலும் குவார்ட்ஸ் பஞ்சு மட்டுமே வைத்தேன். மணிகளை அழுத்தித் திணித்தால் வாயு ஓட்டம் தடைப்படும். தளர்வாக விட்டால் கால்வாய் விழும். குழாயை நிமிர்த்திப் பிடித்து விரலால் தட்டித் தட்டி நிரப்புவதே சரியான முறை. பழைய பொருளைக் குப்பைக் கூடையில் போடாமல், ஆய்வகத்தின் ஆக்சிஜனேற்றிக் கழிவுக் கலனில் சேர்த்தேன். குழாயைப் படுக்கை நிலையில் பொருத்தியிருந்ததும் கால்வாய்க்கு ஒரு காரணம் என்று எண்ணி, இம்முறை செங்குத்தாகப் பொருத்தினேன். இரவு முழுவதும் ஹீலியம் ஓடவிட்டு, பிரிக்கும் பத்தியைச் சூடேற்றி உலர்த்தினேன். காலையில் நிறை 18 பழைய அளவுக்கும் கீழே இறங்கியிருந்தது. குறிப்பு வாயுவைப் பத்து முறை தொடர்ந்து செலுத்தியபோது திட்ட விலக்கம் 0.03‰.

இரண்டாம் ஓட்டத்தில் வரிசையை மாற்றினேன். ஒவ்வொரு பத்து மாதிரிக்கும் ஒரு முறையும், இறுதியிலும் இரண்டு தரமாதிரிகளும் வந்தன. மாதிரிகளை விடிலி, கடை என்று குழுவாக வைக்காமல் சீட்டுப் போட்டுக் கலைத்தேன். அப்போது நகர்வு ஏதேனும் இருந்தாலும் அது ஒருவர் தலையில் மட்டும் விழாது. ஐ.ஏ.இ.ஏ.-600 என்னும் கஃபீனை, மதிப்பு தெரியாத மாதிரி போல இடையில் வைத்தேன்; அதன் ஏற்கப்பட்ட மதிப்பு −27.771, எனக்குக் கிடைத்தது −27.74. தொடக்கத் தரமாதிரிக்கும் இறுதித் தரமாதிரிக்கும் இடையே இருந்த வேறுபாடு 0.1‰க்குள். அண்ணாச்சியின் கட்டி இம்முறை 31ஆம் இடத்தில் வந்தது: −25.5, −25.6. அவர் விடிலியிலிருந்து கொண்டுவந்த பதநீர் −25.6. முதல் ஓட்டத்தின் எண்கள் அனைத்தையும், நன்றாகத் தோன்றியவற்றையும் சேர்த்து, நீக்கிவிட்டேன்.

பத்து விடிலிக் கட்டிகளும் −24.9 முதல் −26.2 வரை பரவியிருந்தன; சராசரி −25.6, திட்ட விலக்கம் 0.4. ஒவ்வொன்றும் தன் பதநீரோடு 0.2‰க்குள் ஒத்துப்போனது; கொதிப்பதால் மதிப்பு நகரவில்லை என்பதற்கும், ஊற்றும் நேரத்துக்கு மட்டும் நான் சென்ற இடங்களிலும் கலப்பு இல்லை என்பதற்கும் இதுவே சான்று. அடுத்து, தெரிந்த அளவில் நானே கலந்து பார்த்தேன். அண்ணாச்சியின் கருப்பட்டியையும் கடைச் சீனியையும் நீரில் கரைத்து, கார்பன் கணக்கில் 10 விழுக்காடும் 30 விழுக்காடும் சீனி வரும்படி கலந்து உலர்த்தினேன். கணக்குப்படி வர வேண்டியவை −24.1, −21.4; அளவில் வந்தவை −24.1, −21.3. கார்பன் கணக்கு என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கருப்பட்டியில் ஈரமும் உப்புகளும் இருப்பதால், ஒரு கிராமுக்கு உள்ள கார்பன் சீனியைவிடக் குறைவு. ஐசோடோப்பு சொல்வது கார்பனின் பங்கை, தராசுத் தட்டின் பங்கை அன்று. இதை மாற்றிப் படித்தால் கலப்படத்தின் அளவு சற்றுக் கூடுதலாகத் தோன்றும்.

கடை மாதிரிகள் எட்டில் மூன்று, விடிலிக் கட்டிகளின் பரவலுக்குள்ளேயே இருந்தன. ஒன்று −18.0, அதன் கார்பனில் பாதிக்கும் மேல் கரும்பிலிருந்து வந்தது. எஞ்சியவை நடுவில் நின்றன. அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் எழுத வேண்டும்: அதன் மதிப்பு −24.8. சராசரியிலிருந்து பார்த்தால் 6 விழுக்காடு சீனி என்று கணக்கு சொல்லும். நான் அதைக் கலப்படம் என்று பதியவில்லை. ஒரே மாவட்டத்தில், ஒரே பருவத்தில் எடுத்த பத்துக் கட்டிகளின் பரவலே 1.3 அலகுகள், வேறு மண்ணில், இன்னும் வறண்ட ஆண்டில் நிற்கும் மரம் −24.8 தருவதற்குத் தடை எதுவும் இல்லை. தேன் சோதனையில் 1‰ வேறுபாட்டை, அதாவது 7 விழுக்காட்டை, எல்லையாக வைத்திருப்பதை நானும் பின்பற்றினேன். அதற்குக் கீழே உள்ளவற்றுக்கு 'வேறுபாடு காட்ட இயலவில்லை' என்றே எழுதினேன். மேலும், இந்தச் சோதனை கரும்பு, மக்காச்சோளம் போன்ற சி4 தாவரங்களின் சர்க்கரையை மட்டுமே பிடிக்கும். அரிசி மாவிலிருந்தோ மரவள்ளியிலிருந்தோ செய்த பாகு கலந்திருந்தால், அவையும் சி3 என்பதால் எண் அசையாது.

அந்த −24.8 கட்டிக்கு விடை காண ஒரு வழி உண்டு. தேனில் செய்வது போல, அதே கட்டியிலுள்ள புரதத்தைப் பிரித்து அளந்தால், அந்த மரத்தின் சொந்த மதிப்புக்கு அதுவே சாட்சியாகும்; சீனி சேர்ப்பவர் புரதம் சேர்ப்பதில்லை. சோடியம் டங்ஸ்டேட்டும் கந்தக அமிலமும் கொண்டு வீழ்படிவாக்கிப் பார்த்தேன். 20 கிராம் கட்டியில் கிடைத்தது ஓர் அளவீட்டுக்குப் போதுமான, கரும்பழுப்பு நிறப் படிவு. அந்த நிறம்தான் எனக்கு நிறைவு தரவில்லை. மணிக்கணக்கில் கொதிக்கும் பாகில் புரதமும் சர்க்கரையும் ஒன்றோடொன்று பிணைந்துவிடுகின்றன. வீழ்படிவில் சர்க்கரையின் கார்பனும் ஒட்டிக்கொண்டு வந்தால், புரதத்தின் மதிப்பு சீனியின் பக்கம் இழுபட்டு, கலப்படத்தைக் குறைத்துக் காட்டும். கருப்பட்டியில் இந்த வழி எந்த அளவுக்குச் செல்லும் என்பதை, சீனி கலந்து கொதிக்க வைத்த பதநீரில் புரதத்தைப் பிரித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அடுத்த பருவத்தில் பாளை சீவத் தொடங்கியதும் அதே விடிலியில் இரண்டு சட்டிகளில் அதைச் செய்து பார்க்க அண்ணாச்சி இசைந்திருக்கிறார். சீனி கலக்கும் சட்டி அவருடையதாக இருக்கக் கூடாது, நானே கொண்டுவர வேண்டும் என்று மட்டும் சொன்னார்.